15 வயது மகன் தானே சம்பாதிக்க ஆசைப்பட்டால்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 15 வயது, உயர்நிலை மூன்று படிக்கிறான். 180 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு காற்பந்துக் காலணி பார்த்து வைத்திருக்கிறான். வாங்கித் தர உங்களுக்கு மனமிருக்கிறது. அவன்தான் "வேணாம்மா, நானே சம்பாதிச்சு வாங்கிக்கிறேன்" என்கிறான். அவனுக்கு என்ன வேலை கிடைக்கும், எதில் விடலாம், எதில் விடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, வீட்டில் கஷ்டமா என்று சொந்தக்காரர்கள் கேட்பதாக ஒரு வரி, காசு ருசி கண்டுவிட்டால் படிப்பை விட்டுவிடுவானோ என்ற பயம் ஒரு வரி. கடைசியாக, வரும் பணத்தை யார் வைத்துக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தப் படிப்பு பற்றிய பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன், ஆனால் வேலை விஷயத்தைப் பேசிவிட்டு.

நான் ஹோட்டல் விருந்துப் பிரிவிலும் பிறகு உணவகங்களிலுமாக 19 ஆண்டுகள் பகுதிநேரப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தவர்களில் ஒருவர். வாராவாரம் வேலை அட்டவணை போடுவதும், புதிதாக வரும் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தட்டு பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும், சம்பளக் கணக்கு சரிபார்ப்பதும் என் வேலையாக இருந்தன. நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி இங்கே சொல்வது வேலைக்கு எடுக்கும் இடத்தில் இருந்தவர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுதான். கடைக்கும் விருந்து மண்டபத்துக்கும் வெளியே உள்ள வேலைகளைப் பற்றிச் சொல்லும்போது அது என் அனுபவத்தில் பாதி, பிள்ளைகள் சொல்லிக் கேட்டது பாதி.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 13, 14 வயதில் தொழிற்சாலை போன்ற இடங்கள் அல்லாத இடத்தில் இலகுவான வேலை மட்டும் செய்யலாம். உங்கள் மகன் 15 நிரம்பி 16 நிரம்பாதவன், சட்டம் அவனை 'இளையர்' என்று தனியாகப் பார்க்கிறது. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அவனுக்கு வேலை கொடுக்கக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரம் ஓய்வு வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம்தான் உச்ச வரம்பு, பள்ளிக்குப் போகும் நாளில் பள்ளி நேரமும் அந்த ஏழுக்குள் அடக்கம். இதை ஒருமுறை மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். ஆனால் இதன் நடைமுறைப் பொருள் என்னவென்று யோசியுங்கள். காலை ஏழரைக்குப் பள்ளி தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தாலே ஆறரை மணி நேரம் போய்விட்டது. மிச்சம் அரை மணி நேரம். அதாவது பள்ளி நாளில் மாலை வேலைக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய வாக்குவாதத்தில் பாதியைச் சட்டமே முடித்துவைத்துவிட்டது. சனி, ஞாயிறு, அப்புறம் ஜூன் மாத நான்கு வார விடுமுறை, ஆண்டிறுதி விடுமுறை, இவைதான் அவனுக்கு உள்ள நேரம்.

இதில் ஒரு விஷயத்தை நம் சமூகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். கல்யாண மண்டப அலங்காரம் செய்பவர்கள் சனிக்கிழமை இரவு மேடை கட்ட, பூச்சரம் தொங்கவிட, பையன்களைக் கூப்பிடுவார்கள். தெரிந்த அண்ணன், தெரிந்த மாமா, கையில் காசு. வேலை பத்து மணிக்குமேல்தான் சூடு பிடிக்கும், முடிய விடியற்காலை இரண்டோ மூன்றோ ஆகும். நல்ல மனிதர்கள்தான், பையன்களும் ஆசையாகப் போவார்கள். ஆனால் 15 வயதுப் பையனுக்கு அந்த நேரத்து வேலை ஆகாது. ஏணி மேல் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் பையனை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பகலில் பூ பிரித்துக் கொடுப்பது, பொருள் அடுக்குவது என்றால் தாராளமாகப் போகட்டும்.

இனி, என்ன வேலை கிடைக்கும்? விரைவு உணவகம், ரொட்டிக் கடை, பேரங்காடியில் பொருள் அடுக்குவது, ஆண்டிறுதியில் பொம்மைக் கடை, புத்தகக் கடை, பரிசுப் பொட்டலம் கட்டுவது, தீபாவளிச் சமயத்தில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கூடாரக் கடைகள், கண்காட்சிகளில் நுழைவுச் சீட்டு பார்ப்பது, ஹோட்டல் விருந்து. 15 வயதில் எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள். மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடு மேலாளருக்கு அட்டவணை போடத் தொந்தரவு என்பதால் பலர் 16 ஆகட்டும் என்பார்கள். அது அவன் குறை இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான்கு இடத்தில் கேட்டு நான்கிலும் இல்லை என்றால் பிள்ளைகள் துவண்டுவிடுகிறார்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் என்று இங்கே இல்லை. ஆனால் வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர் ஊழியர்களுக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு, உள்ளூர்த் தகுதிச் சம்பளம் என்பார்கள். பகுதிநேர வேலைக்கு 2024 ஜூலையில் அது மணிக்கு 10 வெள்ளி 50 காசாக இருந்தது. இப்போது எவ்வளவு என்று சேரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய கடைகளில் இதைவிடக் குறைவாகவும் கேட்டிருக்கிறேன். கணக்குக்கு மணிக்கு 10 வெள்ளி என்று வையுங்கள். 180 வெள்ளிக் காலணிக்கு 18 மணி நேரம், அதாவது ஆறு மணி நேர வேலையாக மூன்று சனிக்கிழமை. இந்தக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். மூன்று சனிக்கிழமை பயிற்சியும் நண்பர்களும் போனாலும் பரவாயில்லை என்றால், ஆசை உண்மையானது.

எந்த வேலை என்பதைவிட யாரிடம் வேலை என்பதைப் பாருங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அதே தட்டு கழுவும் வேலை ஒரு இடத்தில் பிள்ளையை ஆளாக்குகிறது, இன்னொரு இடத்தில் நசுக்கிவிடுகிறது. நல்ல இடத்தை எப்படி அறிவது? மணிக்கு எவ்வளவு என்று கேட்டால் உடனே ஒரு எண் சொல்வார்கள். சம்பளம் எந்தத் தேதி என்று கேட்டால் தேதி சொல்வார்கள். 14 நாள் அல்லது அதற்குமேல் தொடர்ந்து வேலைக்கு வைத்தால் முக்கிய வேலை விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டும், சம்பளத்தோடு விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து இது சட்டம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும். "கடைசியில் பார்த்துக் கொடுக்கிறேன் தம்பி" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள், சொல்பவர் எவ்வளவு பாசமாகப் பேசினாலும் சரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு 16 வயதில் அது நடந்தது. தீபாவளிக்கு முன் மூன்று வாரம் ஒரு வளையல் கடையில் நின்றேன். பள்ளி விட்டதும் ஓடுவேன், இரவு கடை அடைத்துப் பெட்டி ஏற்றிவிட்டுத்தான் வீடு. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் அங் பாவ் எனும் அன்பளிப்பு உறை ஒன்றைக் கையில் வைத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன், 120 வெள்ளி. அழுகை வந்தது, ஆனால் எதை வைத்துக் கேட்பது? எத்தனை மணி நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அம்மா கேட்டபோது "நிறைய வேலை செஞ்சேன்" என்றுதான் சொல்ல முடிந்தது. நிறைய என்பது ஒரு எண் இல்லையே.

பல ஆண்டுகள் கழித்து, விருந்துப் பிரிவில் என்னிடம் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அதிகம் பேச மாட்டான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன 555 நோட்டு வைத்திருப்பான், அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே நோட்டு. முதல் மாதச் சம்பளம் வந்த மறுநாள் என் மேசைக்கு வந்து அந்த நோட்டைத் திறந்து வைத்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். தேதி, உள்ளே வந்த நேரம், ஓய்வுக்குப் போன நேரம், திரும்பிய நேரம், கிளம்பிய நேரம், அன்று யார் மேற்பார்வையாளர் என்று பெயர். பென்சிலில், கோடு போட்டு. "பதினோரு மணி நேரம் குறையுது, சார்" என்றான். குரல் நடுங்கியது, ஆனால் நோட்டைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. நான் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணக்கில் ஏறவே இல்லை, எங்கள் அலுவலகத்தில் நடந்த தவறு. இரண்டு நாளில் பணம் அவன் கணக்குக்குப் போனது. அதற்குப் பிறகு புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்ல ஆரம்பித்தேன். உங்கள் மகனுக்கும் அதையே சொல்கிறேன். கைப்பேசியில் எழுதினாலும் சரி, ஆனால் அன்றன்றைக்கு எழுத வேண்டும். வேலை அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தால் அதை அழிக்கக் கூடாது.

சம்பளம் வரவில்லை, குறைகிறது என்றால் முதலில் பையனே மரியாதையாகக் கேட்கட்டும், பிறகு நீங்கள் பேசுங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் சம்பளக் கோரிக்கை கொடுக்கலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பகுதிநேரப் பிள்ளை என்பதால் உரிமை குறைந்துவிடாது. தட்டு உடைந்தது, சீருடை தொலைந்தது என்று இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. சேதத்துக்குப் பிடிப்பதானால் ஊழியரை விளக்கம் கேட்ட பிறகுதான், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. வேலையில் கை சுட்டுக்கொண்டாலோ வழுக்கி விழுந்தாலோ வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் அவனுக்கும் பொருந்தும். பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து காயத்தை மறைப்பார்கள். எண்ணெய் தெறித்த கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் வேலை செய்த ஒரு பெண் பிள்ளையை எனக்குத் தெரியும். "சின்னக் காயம்னாலும் அன்னைக்கே சொல்லு" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

மத்திய சேமநிதி, அதாவது ஊழியரும் முதலாளியும் கட்டும் கட்டாயச் சேமிப்பு பற்றி நிறையப் பெற்றோருக்குக் குழப்பம். பள்ளி விடுமுறையில் முழுநேர மாணவர் செய்யும் வேலைக்குப் பொதுவாக விலக்கு உண்டு. பள்ளி நடக்கும் மாதங்களில் வார இறுதி வேலை செய்தால் விலக்கு இல்லை. மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தால் முதலாளி தன் பங்கைக் கட்ட வேண்டும், 500 வெள்ளியைத் தாண்டினால்தான் பையன் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். வருமான வரியை நினைத்துக் கவலை வேண்டாம், ஆண்டுக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வெளிநாட்டு மாணவர் அனுமதி அட்டையில் இருந்தால் மேலே சொன்னது எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட சில கல்வி நிலையங்களில் படிப்பவர்களுக்குத்தான் வேலை செய்ய விலக்கு உண்டு. முதலில் பள்ளியிலும் மனிதவள அமைச்சிலும் கேளுங்கள்.

கடைக்குப் போகாமல் சம்பாதிக்கும் வழிகளும் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது நம் மொழியிலேயே இருக்கிறது. உங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே தொடக்கநிலை மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள். தமிழ் வாசிக்க வரும், பேச வராது. உங்கள் மகன் தொடக்கநிலை இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வை முடித்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. வாசிப்புப் பகுதி எப்படி, காணொளியைப் பார்த்துவிட்டு எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். துணைப்பாட ஆசிரியர் ஆக வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து கதை வாசித்து, அதைப் பற்றித் தமிழில் பேசினால் போதும். மணிக்கு 10, 12 வெள்ளி கேட்பது நியாயம் என்பது என் கணிப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் வரை வைத்துப் பாடம் சொல்லித்தர அனுமதி இருக்கிறது. இரு வீட்டுப் பெரியவர்களும் பார்க்கும்படி வரவேற்பறையில் உட்காரட்டும், கதவு திறந்திருக்கட்டும். இது இரண்டு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஒரு அண்ணன் தன்னோடு தமிழில் பேசுகிறான் என்பது அந்தச் சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து செய்யும் இந்தச் சிறுதொழிலுக்கு வீவக தனி அனுமதி கேட்பதில்லை, வெளியாள் வைத்துக்கொள்ளக் கூடாது, அண்டை வீட்டுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. உணவு சுத்தம் பற்றிய சிங்கப்பூர் உணவு அமைப்பின் வழிகாட்டி உண்டு, படித்துவிடுங்கள். அதில் மகனைக் கணக்குப் பிள்ளையாக வையுங்கள். 40 டின், டின் 12 வெள்ளி என்றால் 480 வெள்ளி வந்தது என்று சந்தோஷப்படுவோம். மாவு, வெண்ணெய், எண்ணெய், டின், ஒட்டுத்தாள் எல்லாம் சேர்த்து டின்னுக்கு ஐந்தரை வெள்ளி ஆனால் 220 போய்விட்டது. மிச்சம் 260. பிழிந்தது, சுட்டது, ஆறவைத்து அடுக்கியது என்று இருவருமாக 30 மணி நேரம் என்றால் மணிக்கு 8 வெள்ளி 67 காசு. அவன் எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்த ஆறு மணி நேரத்தையும் சேர்த்தால் 7 வெள்ளி 22 காசு. இந்தத் தாளை அவனே எழுதிப் பார்க்கும்போது, அம்மாவின் உழைப்புக்கு இத்தனை நாள் யாரும் விலை போடவில்லை என்பது அவனுக்குப் புரியும். அடுத்த ஆண்டு விலையை அவனே ஏற்றச் சொல்வான்.

பழைய பாடநூல், சின்னதாகிப்போன காலணி, விளையாட்டு அட்டை இவற்றை கரோசல் என்ற இணையச் சந்தையில் விற்பது நல்ல பழக்கம். உங்கள் பார்வையில் நடக்கட்டும், பொருளைக் கைமாற்றுவது எம்ஆர்டி நிலையம் போல ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். யூடியூப் ஒளிவழியில் சம்பாதிக்கலாம் என்று எல்லாப் பிள்ளைகளும் நம்புகிறார்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் பார்வையாளர்கள் பார்த்த நேரம் 4,000 மணியும் வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வை. 18 வயது ஆகாதவர் என்றால் பணம் பெரியவர் கணக்கு வழியாகத்தான் வரும். கற்றுக்கொள்ள நல்ல இடம், காலணி வாங்க அல்ல. சொந்தப் பெயரில் தொழில் பதிவு செய்வதற்கும் 18 ஆக வேண்டும்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையன்கள் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். மின்சைக்கிளோ மின்ஸ்கூட்டரோ ஓட்ட 16 வயது ஆக வேண்டும், எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். "அண்ணன் கணக்கில் ஓட்டு, பாதி உனக்கு" என்று யாராவது சொன்னால் கூடவே கூடாது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் விபத்துக் காப்பீடு தருகிறது, ஆனால் அது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அண்ணன் கணக்கில் ஓட்டும் பையன் அடிபட்டு விழுந்தால், அன்று அவன் வேலை செய்தான் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். டெலிகிராமில் வரும் வேலைகள். ஒரு காணொளிக்கு விருப்பம் போட்டால் 3 வெள்ளி, கடைக்கு நல்ல விமர்சனம் எழுதினால் 5 வெள்ளி என்று தொடங்கும். முதல் இரண்டு நாள் உண்மையிலேயே காசு வரும். மூன்றாம் நாள், பெரிய வேலை எடுக்க நீ 100 வெள்ளி போட வேண்டும் என்பார்கள். வேலைக்குச் சேரப் பணம் கேட்டால் அது வேலை இல்லை, அவ்வளவுதான். இதைவிட மோசமானது, வங்கி அட்டையை ஒரு வாரம் கொடு, 300 வெள்ளி தருகிறேன் என்பது. அல்லது அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் மறைச்சொல்லைக் கொடு என்பது. உங்கள் மகனுக்கு 15 ஆகிவிட்டதால் சிங்பாஸ் எடுக்க முடியும், அடையாள அட்டையும் கைக்கு வரும் வயது. இந்த வயதைக் குறிவைத்துத்தான் வருகிறார்கள். அவன் கணக்கு வழியாக யாரோ ஒரு பாட்டியின் சேமிப்பு போகும், காவல்துறை வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாதபடி 2023இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரருக்காக ஒரு கதவில் சாயம் ஊற்று, இந்தப் பொட்டலத்தை அந்த புளோக்கில் வை என்பதும் அதே வகை. பொட்டலத்தில் வேப் எனப்படும் மின்சிகரெட் இருந்தாலும் குற்றம்தான், அதில் கலக்கும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை 2025 செப்டம்பரில் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். அதைவிட முக்கியம், தவறாக எதிலாவது மாட்டிக்கொண்டால் முதலில் உங்களிடம் வந்து சொல்ல அவனுக்குப் பயம் இருக்கக் கூடாது. நான் பார்த்த பிள்ளைகளில் ஆழமாக மாட்டியவர்கள் எல்லாரும் வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டவர்கள்.

சரி, படிப்பு. வேலை படிப்பைக் கெடுக்குமா என்பதில் உறுதியான ஒற்றை விடை கிடையாது. அமெரிக்காவில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளி நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது தெரிகிறது. ஆனால் வேலையால் பின்தங்கினார்களா, ஏற்கெனவே படிப்பில் பிடிப்பு விட்டவர்கள்தான் அவ்வளவு வேலை தேடிப் போனார்களா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இனிச் சொல்வது என் அட்டவணைகளைப் பார்த்து நான் வந்த முடிவு, வேறு ஒருவர் வேறு விதமாகச் சொல்லலாம். வாரத்தில் ஒரு நாள் வந்தவர்கள் படிப்பை விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வந்தவர்கள் திங்கட்கிழமை பள்ளியில் தூங்கினார்கள். அப்புறம், காசு ருசி என்கிறீர்களே, அந்த ருசியில் மயங்கியவர்கள் சிலர் உண்டு. ஆனால் அவர்களில் பலரை இழுத்தது காசு அல்ல. பள்ளியில் யாரும் சொல்லாத "நல்லா செஞ்சே" என்ற வார்த்தையை ஒரு மேற்பார்வையாளர் சொன்னார், அதற்காகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். உங்கள் மகன் காற்பந்தில் ஈடுபாடு உள்ளவன், வீட்டில் பேசுகிறவன். அவனைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. பள்ளி நடக்கும் காலத்தில் சனிக்கிழமை மட்டும், தேர்வுக்கு ஒரு மாதம் முன் நிறுத்தம் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், மேலாளரிடமும் அதை முதல் நாளே சொல்லட்டும். ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். ஆனால் மேலாளராக இருந்தவரின் வேண்டுகோள், இரண்டு வாரம் முன்னால் சொன்னால் அந்தப் பையனை மறுபடி சந்தோஷமாக எடுப்போம்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? "கஷ்டமில்லை, அவனுக்கு ஆசை" என்று ஒரு வரி போதும். அவர்கள் முன்னால் மகன் தலைகுனியும்படி மட்டும் நீங்கள் மழுப்பாதீர்கள். தட்டு எடுக்கும் வேலையை மறைக்க வேண்டிய ஒன்றாக அவன் நினைத்துவிட்டால், நாளைக்கு அந்த வேலையையே வாழ்நாள் முழுக்கச் செய்கிறவரை எப்படிப் பார்ப்பான்?

பணத்தை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு, அவன் பெயரில் உள்ள கணக்கில் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்பேன். நண்பன் கணக்குக்கோ, கையில் ரொக்கமாகவோ வேண்டாம். அதற்காகக் கைச்செலவுக் காசைக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் உழைத்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும். முதல் சம்பளத்தில் காலணி வாங்கட்டும், நீங்கள் சொன்ன விலையைவிட 20 வெள்ளி கூடினாலும் தடுக்காதீர்கள். இரண்டாவது சம்பளத்திலிருந்து சேமிப்பைப் பற்றிப் பேசலாம்.

முதல் நாள் போகும்போது கறுப்புக் காற்சட்டை, முன்பக்கம் மூடிய கறுப்புக் காலணி, கறுப்புக் காலுறை. இது இல்லாமல் வந்து வாசலிலிருந்தே திரும்பிய பிள்ளைகள் உண்டு. அடையாள அட்டையைக் காட்டலாம், பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு தண்ணீர்ப் புட்டி, குதிகாலுக்கு இரண்டு பிளாஸ்டர், சட்டைப் பையில் நோட்டும் பென்சிலும். பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கட்டும். இரவு வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்கிறது என்பான், கால்களை ஊறவைக்க வெந்நீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.